பம்பாய் தந்த ஜூபின் மேத்தா – 7: ஒரே உருப்படி, மூன்று பிராயம்

ஒரு வித்வான் தம் இளமையில் பாடிப் பதிவான கரகரப்ரியாவையும், தலை நரைத்தபின் அதே ராகத்தைக் கையாண்ட விதத்தையும் அருகருகே வைத்து, எதில் துரிதம் மிகுதி, எதில் விச்ராந்தி மிகுதி என்று இரவு வெகுநேரம் தர்க்கம் செய்யும் ரசிகர்கள் பம்பாயின் மாதுங்காவில் என்றைக்கும் குறைந்ததில்லை. ஷண்முகானந்த சபையின் கச்சேரிகளில் பழகிய அந்தக் காதுக்கு, ஜூபின் மேத்தா என்ற நடத்துநரின் இசைத்தட்டுகளை ஒப்பிட்டுக் கேட்பதும் எட்டக்கூடிய வித்தையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

தந்தை மெஹ்லி மேத்தா 1935-இல் நிறுவிய பம்பாய் சிம்பனி கோஷ்டியின் நிழலில் வளர்ந்த ஜூபின், 1954-இல் வியன்னாவுக்குச் சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் சிட்சை பெற்றதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த ஸ்வரோவ்ஸ்கி, நவீன இசையமைப்பாளர்களான ஷோன்பெர்க்கிடமும் வெபர்னிடமும் பயின்றவர்; ஆகையால் நவீன சங்கீதம் மேத்தாவுக்குக் குருபரம்பரையாகவே வந்த சொத்து எனலாம். அவர் வாழ்நாளில் மீண்டும் மீண்டும் கையிலெடுத்த நவீன உருப்படிகளில் தலையாயது ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’. 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறியபோது சபையில் பெருங்கூச்சலை எழுப்பிய இந்தக் கிருதி, வசந்தத்தை வரவேற்க ஒரு கன்னி ஆடியே உயிர் துறக்கும் பூர்விகச் சடங்கைப் பொருளாகக் கொண்டது.

இதைக் கேட்கப் புதிதாக உட்காரும் நம்மவருக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பஸூன் தன் உச்ச ஸ்தாயியில் தனித்துத் தொடங்கிவைக்கும் முகவுரை முடிந்தபின், தந்தி வாத்தியங்கள் ஒரே ஸ்வரக்கூட்டத்தைச் சிறிதும் காலம் பிசகாமல் இடித்துக்கொண்டே போக, எட்டு ஹார்ன்கள் அதன்மேல் எதிர்பாராத இடங்களில் அழுத்தம் கொடுக்கின்றன. முதல் எட்டு அளவுகளில் மொத்தம் 32 மாத்திரைகள்; அதாவது, சதுஸ்ர நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். அழுத்தங்கள் விழுவது 10, 12, 18, 21, 25, 30 ஆகிய மாத்திரைகளில். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால், ஒன்பது, இரண்டு, ஆறு, மூன்று, நான்கு, ஐந்து, மூன்று என்று பிரிந்து செல்லும் கணக்கு, 33-ஆம் மாத்திரையில் சமத்துக்கு வந்து சேர்வதை எவரும் உணரலாம். ஸ்ட்ராவின்ஸ்கி நம் தாளத்தை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. லயக்கணக்கு தெரிந்த ஒருவர் இங்கே திகைத்து நிற்க வேண்டியதில்லை என்றே சொல்கிறேன்.

1969-இல் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மானிக் கோஷ்டியை நடத்தி டெக்கா நிறுவனத்துக்காக மேத்தா செய்த பதிவில், அவருக்கு வயது முப்பத்துமூன்று. ஸ்ட்ராவின்ஸ்கியே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குடியிருந்த நகரம் அது. அந்தப் பதிவின் துரிதம் பிரசித்தமானது. முதற்பாகத்தின் இறுதியில் வரும் பூமி நடனத்தில் வாத்தியக்காரர்கள் மூச்சுவிட அவகாசமின்றி விரைகிறார்கள். ஆயினும் மேற்சொன்ன அழுத்தங்களில் ஒன்றேனும் மழுங்குவதில்லை. துரிதத்திலும் அக்ஷரசுத்தம் குன்றாத அந்தத் திறமையை நான் எத்தனை முறை கேட்டாலும் வியக்கிறேன். அவர் சில காலத்துக்குப்பின் பதிவுசெய்த, பதின்மூன்று தாளவாத்தியக்காரர்களுக்கென்றே எட்கர் வரேஸ் எழுதிய ‘அயோனிஸேஷன்’ என்ற உருப்படியிலும் இந்தக் குணத்தைக் காணலாம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நியூயார்க் பில்ஹார்மானிக்குடன் செய்த இரண்டாம் பதிவில் வேறொரு மேத்தா தெரிகிறார். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் இரவின் மௌனத்தைச் சித்திரிக்கும் மந்தமான பகுதியில், ஒவ்வொரு குழல் வாத்தியத்துக்கும் தன் வாக்கியத்தை முடிக்கும் சுதந்திரம் கிடைக்கிறது. முதற்பதிவில் அடுத்த வெடிப்புக்குக் காத்திருக்கும் இடைவேளையாகவே அது எனக்குப் பட்டது. அதன்பின், தெரிந்தெடுக்கப்பட்ட கன்னியைப் போற்றும் நடனத்துக்கு முன்னால் முரசுகளும் தந்திகளும் சேர்ந்து அறையும் பதினோரு அடிகள், முன்னே நிலவிய அமைதியின் காரணமாகவே அதிக பயங்கரமாய் விழுகின்றன.

மூன்றாவது பதிவு, கிருதி அரங்கேறி நூறாண்டு நிறைந்த 2013-இல், உலகெங்கும் சிதறிப் பணியாற்றும் ஆஸ்திரேலிய வாத்தியக்காரர்கள் தாய்நாட்டில் கூடும் ஆஸ்திரேலியன் வேர்ல்ட் ஆர்க்கெஸ்ட்ராவுடன் அமைந்தது. எழுபத்தேழு வயது நடத்துநரிடம் இளமையின் ஆவேசத்தைத் தேடுவது நியாயமாகாது. கம்பீரமும் தெளிவும் இருக்கின்றன. ஆனால் இறுதியில் வரும் பலி நடனத்தில், கன்னியின் உயிர் போகிறது என்ற திகில் எனக்கு அங்கே ஏற்படவில்லை. அந்தத் திகிலுக்கு 1969-க்கே போக வேண்டியிருக்கிறது. முழு உருப்படியையும் ஒரே மூச்சில் கேட்பவர் லாஸ் ஏஞ்சலஸ் பதிவைத் தேர்ந்துகொள்ளட்டும். முன்பே கேட்டுப் பழகியவர், இரண்டாம் பாகத்துக்கேனும் நியூயார்க் பதிவை நாடட்டும்.

ரவிசங்கர் இயற்றி, லண்டன் பில்ஹார்மானிக் கோஷ்டியை மேத்தா நடத்தப் பதிவான ‘ராகமாலா’ சிதார் கான்செர்ட்டோவை அடுத்த வாரம் பார்ப்போம்.