ஈரம் காயுமுன்னே!

வடக்கனந்தலில் பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் காலச் சித்திரங்களை ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டிக் காப்பதும் அதே சுண்ணாம்புதான்!

சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காயுமுன் காவி, மஞ்சள் மண், கரி முதலியவற்றைத் தண்ணீரில் குழைத்துத் தீட்டுவார்கள். பசையே கிடையாது! சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது, வர்ணத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. கை பிசகினாலோ, சாந்தையே பெயர்த்தெடுக்க வேண்டியதுதான்.

நாயக்கர் காலத்தில் இவற்றின் மேலேயே புதுச் சித்திரம் எழுதிவிட்டார்கள். 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த பிறகே அடியிலிருந்த சோழர் கைவண்ணம் உலகுக்குத் தெரிந்தது.

ஆகவே, உங்கள் ஊர்ப் பழங்கோயிலைப் புதுப்பிக்கும்போது, சுவரைச் சுரண்டுமுன் சற்றே உற்றுப் பாருங்கள்!