மெய் பேசும் மொழி

‘மெய்’ என்னும் சொல்லுக்கு உடல், உண்மை என இரு பொருள்கள் உண்டு. உள்ளத்து உணர்வு உடலின் வழியே வெளிப்படுவதை முன்னோர் ‘மெய்ப்பாடு’ என்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்னும் இயலே உள்ளது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் 8 என்று அது வகுக்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் 2 அதிகாரங்கள் அமைந்துள்ளன. பிறர் சொல்லாததையும் உணர்தல் ஓர் அறிவாகவே தமிழில் போற்றப்பட்டது.

உடற்குறிகளுள் சில பெரும்பாலும் எல்லா நாட்டார்க்கும் பொதுவானவை. மகிழ்ந்தவர் முகம் மலரும். அஞ்சியவர் கண்கள் விரியும். வேறு சில இடத்திற்கு இடம் வேறுபடும். தமிழ்நாட்டில் தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்து அசைத்தால் ‘சரி’ என்று பொருள். அவ்வசைவைப் பழகாதவர் அதனை ‘இல்லை’ எனக் கொள்ளக்கூடும்.

இவ்வேறுபாட்டால் துன்பமும் விளையலாம். தில்லியில் பயிலும் ஒரு தமிழ் மாணவனை எண்ணிப் பார்ப்போம். வகுப்பில் ஒரு பொருள் காணாமற்போகிறது. ஆசிரியர் வினவும்போது அவன் கண்களைத் தாழ்த்தி நிற்கிறான். பெரியோர்முன் அவ்வாறு நிற்பது பணிவு என்று அவன் வீட்டில் கற்றிருக்கிறான். பார்ப்பவரோ, ‘இவன் எதையோ மறைக்கிறான்’ என எண்ணலாம். அவன் நிமிர்ந்து நோக்கி, “நான் எடுக்கவில்லை, ஐயா” எனத் தெளிவாகக் கூறினால் ஐயம் நீங்கும். உடற்குறி பிறழ உணரப்படும் இடத்தில் சொல்லே துணை.

பிறர் குறிப்பை அறிய மூன்று வழிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, ஒரே குறியைக் கொண்டு முடிவு செய்யலாகாது. கைகளைக் கட்டி நிற்பவர் சினந்தவராக இருக்கலாம். தில்லிக் குளிரில் நடுங்குபவராகவும் இருக்கலாம். இரண்டாவது, அவரது அன்றாட இயல்போடு ஒப்பிட வேண்டும். நாள்தோறும் கலகலப்பாகப் பேசும் தோழி, இன்று உணவுப் பெட்டியைத் திறவாமல் தலைகுனிந்து அமர்ந்திருந்தால் அது கருதத்தக்க மாற்றம். மூன்றாவது, கேட்டுத் தெளிய வேண்டும்.

“ஒன்றுமில்லை” என்று அவள் வாய் கூறும். தளர்ந்த தோள்கள் வேறொன்று கூறும். அப்போது பலர் கேட்க, “ஏன் அழுகிறாய்?” என வினவுதல் கூடாது. அருகில் அமர்ந்து, அவள் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் பேசுதல் வேண்டும். அவள் விலகி அமர்ந்தால் அக்குறிப்பையும் மதிக்க வேண்டும். துயரம் நீடித்தால் ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும்.

கண் காண்பது பாதி. கேட்டு அறிவது மீதி. இரண்டும் சேரும்போதே ஒருவரின் உள்ளம் விளங்கும்.

செயல்பாடு: தொலைக்காட்சி நாடகக் காட்சி ஒன்றை 2 நிமிடம் ஒலியின்றிக் காண்க. நீ கண்ட மெய்ப்பாடுகளை எழுதுக. பின்னர் அக்காட்சியை ஒலியுடன் கண்டு, உன் கணிப்பு எங்கே பொருந்தியது, எங்கே பிழைத்தது என ஒப்பிடுக.