செருப்புக்கு ஒரு கதை உண்டு!

ஆம்பூர் என்றதும் பிரியாணி நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரிலிருந்து கப்பல் ஏறிப் போவது பிரியாணி அல்ல, பூட்சு!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் போனவை. இங்கே தைக்கும் பூட்சுகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

இந்த மண்ணில் ஒரு கவிஞர் பிறந்தார். அவர் நாவலாசிரியரும்கூட. பெயர், அழகிய பெரியவன்.

ஆசிரியர், எழுத்தாளர்

இது புனைபெயர். இயற்பெயர் அரவிந்தன். 1968-ம் ஆண்டு பேரணாம்பட்டில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். கவிதை, சிறுகதை, நாவல், கட்டுரை எல்லாம் எழுதினார்.

அவர் யாரைப் பற்றி எழுதுகிறார்? அரசர்களைப் பற்றி அல்ல. தன்னைச் சுற்றி வாழும் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதுகிறார்.

தோல் பதனிடுவது எளிய வேலை அல்ல. உப்பிட்ட தோலை முதலில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு நீரில் போட்டு முடியைக் களைய வேண்டும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள். பின்னாளில் குரோமிய உப்பு வந்தது.

நாற்றத்தையும் சுண்ணாம்பின் எரிச்சலையும் பொறுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தவர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஏராளம். தோலைத் தொட்ட கையைத் தீட்டு என்றது ஊர். அதே தோலில் செய்த செருப்பை ஊரார் காலில் மாட்டிக்கொண்டார்கள். அதில் மட்டும் தீட்டு இல்லை!

கக்கத்தில் செருப்பு

தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் ஊர்த்தெருவுக்குள் செருப்புக் காலுடன் நடக்கக் கூடாது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். வெயிலில் மண் கொதித்தாலும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும்.

இந்தக் கொடுமையை வைத்து அழகிய பெரியவன் எழுதிய சிறுகதை 'குறடு'. குறடு என்றால் காலில் அணியும் பாதரட்சை. செருப்பணிந்து நடக்க உரிமை இல்லாத ஒருவன் ராணுவத்தில் சேருகிறான். அங்கே அவனுக்குப் பூட்சு கிடைக்கிறது. அந்தப் பூட்சுக் காலுடன் தன் ஊர்த்தெருவில் நடக்கிறான். அந்த நடைதான் கதை!

இந்தக் கதையை வைத்து, பொன். சுதா 'நடந்த கதை' என்ற குறும்படம் எடுத்தார்.

தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. அது 1950-ல் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமையைக் கடைப்பிடிப்போரைத் தண்டிக்க 1955-ல் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் ஒரு நாளில் வந்துவிடும். ஊர்த்தெருவுக்குள் அது நடந்து வருவதற்குத்தான் நாளாகிறது. அந்த வேதனையைத்தான் 'குறடு' கதை சொல்கிறது.

நிலமும் பறையும்

2001-ல் வெளிவந்த 'தகப்பன் கொடி' இவருடைய புகழ்பெற்ற நாவல். உழைக்கும் குடும்பம் ஒன்று நிலத்துக்காகவும் மானத்துக்காகவும் படும் பாட்டை அது சொல்கிறது. 'வல்லிசை' என்ற நாவல் பறையைப் பற்றியது. ஊருக்குப் பறை கொட்டுவது கலையா, கட்டாயமா என்று நம்மை யோசிக்க வைக்கும். 'நீ நிகழ்ந்தபோது', 'அரூப நஞ்சு' ஆகியவை கவிதை நூல்கள்.

ஆம்பூர் வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகளில் இன்று வேலை செய்பவர்களில் பெண்கள் மிகுதி. அவர்கள் தைத்து அனுப்பும் பூட்சு உலகின் எந்தத் தெருவிலும் தடையின்றி நடக்கிறது. தைத்தவர்களின் தாத்தாவும் பாட்டியும் எப்படி நடந்தார்கள்? அதைப் பூட்சு சொல்லாது. அழகிய பெரியவனின் கதைகள் சொல்கின்றன.

உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வீட்டில் ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும்.