இலைக்கு அடியில் பணம், மேசை மேல் நோட்டு

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத் திருவரங்குளம் ஒன்றியத்தில் மண்டபம் கிடைப்பது அப்போதுதான் குதிரைக்கொம்பு. வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம் போன்ற கிராமங்களிலும், அடுத்துள்ள கீரமங்கலம், பேராவூரணி பக்கமும் அது மொய் விருந்துக் காலம். ஒருவரால் செலவு தாங்காது என்பதால் பலர் கூட்டுச் சேர்ந்து பந்தல் போடுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் பொது, மொய் மட்டும் தனித்தனி. ஆளுக்கொரு மேசை, பணம் போட ஒரு பாத்திரம், எழுத ஒரு ஆள். சாப்பிட்டுக் கைகழுவி வருகிறவரின் பெயரைக் கேட்டதும் எழுதுபவர் பழைய நோட்டைப் புரட்டுவார். முன்பு அவருடைய விருந்தில் இந்த வீட்டார் ஐயாயிரம் செய்திருந்தால், அந்த ஐயாயிரம் இப்போது திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் அவர் வைப்பது புது நடை. பழையதை மட்டும் வைத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். பணம் எண்ணும் இயந்திரங்கள் வந்து, வங்கிக்காரர்களும் பந்தலுக்கே வந்து உட்காரும் அளவுக்கு இது வளர்ந்தது. 2019 ஆடியில் வடகாட்டில் ஒரே விவசாயிக்கு நான்கு கோடி ரூபாய் மொய் விழுந்ததாகச் செய்தி வந்தது.

இதில் தர்மம் எதுவும் இல்லை. வட்டி எழுதாத கடன், அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு ஆபத்து என்று வந்தபோது இதே வடிவம்தான் நிதி திரட்டக் கைகொடுத்தது. கஜா புயலுக்குப் பிறகு வாடிக்கையாளர்களின் பாக்கியைத் தள்ளுபடி செய்த இதே வட்டாரத்து வம்பன் நால்ரோடு டீக்கடைக்காரர், கொரோனா காலத்தில் டீயைக் கொடுத்து நிவாரண நிதிக்கு மொய் வாங்கினார். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்த சில நாட்களில் திண்டுக்கல் முஜிப் பிரியாணி கடை மொய் விருந்து வைத்தது. வந்தவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இலைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போனார்கள். நிவாரணத்துக்கு நிதி திரட்ட எத்தனையோ வழிகள் இருக்க, சாப்பாட்டுக்கு விலை சொல்லாத இந்த வழிதான் நம் ஊருக்கு ஏற்றது என்பது என் கட்சி. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மேல்நாட்டில் விருந்து வைத்து நிதி திரட்டுவது பழைய வழக்கம். பிரான்ஸின் போன் நகரில் 1443-ல் ஏழைகளுக்கென்று தொடங்கிய மருத்துவமனைக்குத் தானமாக வந்த திராட்சைத் தோட்டங்கள் உண்டு. அந்தத் தோட்டத்து ஒயினை 1859 முதல் ஏலம் விட்டு மருத்துவமனைக்குப் பணம் சேர்க்கிறார்கள். நவம்பர் மாத மூன்றாம் ஞாயிறன்று நடக்கும் அந்த ஏலத்தில் பீப்பாய்க்குச் சந்தை விலையைவிட அதிகம் கொடுப்பதே பெருமை. இதைப் பார்த்து உலகெங்கும் ஒயின் ருசி பார்க்கும் தர்ம விருந்துகள் பெருகின. இந்தியப் பெருநகரங்களின் நட்சத்திர ஓட்டல்களுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. (நம் மாநிலத்தில் குடியால் வரும் நிதி அரசாங்கத்துக்கே நேராகப் போய்விடுகிறது, ஏலம் விட வேண்டிய தேவை இல்லை.) இந்த விருந்துகளால் பெரும் தொகை சேர்வதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே முதலில் டிக்கெட். யார் கொடுக்கலாம் என்பதை டிக்கெட் விலை வாசலிலேயே தீர்மானித்துவிடுகிறது. மண்டப வாடகை, சமையல், ஒயின் எல்லாம் அந்த விலையில் கழிந்து மிச்சம்தான் தர்மத்துக்கு. டீக்கடையிலோ பிரியாணிக் கடையிலோ நடப்பது தலைகீழ். சாப்பாடு விருந்து வைக்கிறவரின் தர்மம், பணம் சாப்பிடுகிறவரின் தர்மம். ஒன்றில் மற்றொன்று கழிவதில்லை. இருபது ரூபாய் வைத்தவரும் இரண்டாயிரம் வைத்தவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுகிறார்கள்.

மொய் என்பதே கட்டாயம், அதைப் போய் தர்மத்துக்கு முன்மாதிரி என்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கந்துவட்டிக்கு வாங்கி மொய் செய்து கடனாளி ஆனவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது, மொய்க்கு ஆதாரமாக இருந்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். நோட்டில் எழுதியிருந்த தொகை மட்டும் அப்படியே நின்றது. பின்னாலேயே கொரோனா. மொய் வரவு சரிந்தது, கொடுத்தவர் கேட்கவும் முடியாமல் வாங்கியவர் கொடுக்கவும் முடியாமல் பல வீடுகள் தவித்தன. ஆனால் அந்தக் கட்டாயம் எங்கே இருக்கிறது? பந்தியில் இல்லை, நோட்டில் இருக்கிறது. பெயருக்கு நேராகத் தொகை எழுதப்படுவதால்தான் அது கடனாகிறது. ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் கடனை அடைக்க நாயகி வைக்கும் மொய் விருந்து நினைவிருக்கும். அங்கே பணம் இலைக்கு அடியில், யார் எவ்வளவு வைத்தார் என்று பக்கத்து இலைக்காரருக்குக்கூடத் தெரியாது. நிவாரண மொய் விருந்தில் திரும்ப வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, வயநாட்டில் வீடு இழந்தவர் அடுத்த ஆடிக்கு நம் பந்தலுக்கு வந்து மொய் வைக்கப்போவதும் இல்லை. எனவே பெயர் எழுத வேண்டிய அவசியமே அங்கே எழவில்லை.

சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து நேராக அனுப்பிவிடலாமே என்பது இன்னொரு வாதம். கையில் காசும் செல்போனில் வங்கியும் இருப்பவருக்கு அது சரி. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வீட்டிலிருந்தபடியே அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் நூறு ரூபாய் அனுப்புவதற்கென்று யாரும் வங்கிப் படி ஏறுவதில்லை. அந்த நூறு ரூபாய் டீ குடிக்க நிற்கும் இடத்தில்தான் பையை விட்டு வெளியே வரும். சாப்பாடு இல்லாவிட்டால் மிச்சமாவது சாப்பாட்டுச் செலவு, கூடவே வராமல் போவது அந்த நூறு ரூபாய்களும்தான். கடைக்காரருக்கு விளம்பரம் கிடைக்கிறதே என்றால், கிடைக்கட்டும்.

இனி நிபந்தனை. இலைக்கு அடியில் வைத்த பணம் யார் வைத்தது என்று தெரியாததால் கொடுப்பவரின் மானம் காக்கப்படுகிறது. அதே காரணத்தால் மொத்தம் எவ்வளவு என்பதும் வசூலிப்பவர் சொன்னால்தான் உண்டு. நல்லவர் கையில் இது பிரச்சினை இல்லை. அடுத்த பேரிடரில் இதைப் பார்த்து நாலு பேர் உண்டியலோடு கிளம்பும்போதுதான் தகராறு. வடகாட்டுப் பந்தலில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது: கொடுத்தவர் பெயருக்கு நோட்டு வேண்டாம், சேர்ந்த தொகைக்கு நோட்டு கட்டாயம் வேண்டும். கூட்டத்தின் முன்னால் பாத்திரத்தைக் கவிழ்த்து எண்ண வேண்டும், தொகையைக் கரும்பலகையில் எழுத வேண்டும், நிவாரண நிதியில் கட்டிய ரசீதைக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு நோட்டும் சாக்பீஸும் போதும், ஆடிட்டர் தேவையில்லை.

உங்கள் ஊர்க் கடையில் ‘நிவாரண மொய் விருந்து’ என்று பலகை தொங்கினால் தயங்காமல் போய்ச் சாப்பிடுங்கள். பிரியாணி விலையைவிடக் கொஞ்சம் அதிகமாக வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே கடைக்குப் போய் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை இல்லை, மொய்க் கணக்கில் வளர்ந்த ஊர்க்காரருக்கு இது புதிதும் இல்லை.