வண்டிக்கு முன் நிலையம்

தூய எரிபொருளில் ஓடும் வண்டியை வாங்குதல் எளிது. அதற்கு அவ்வெரிபொருளைத் தடையின்றி ஊட்டுதலே அரிது. இதற்குத் தில்லி மாநகர் தக்க சான்றாகும்.

அந்நகரின் பஸ் வண்டிகள் யாவும் 2001 மார்ச் 31க்குள் அமுக்கிய இயற்கை வாயுவுக்கு மாறவேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையிற் கட்டளையிட்டது. 9 ஆக இருந்த வாயு நிலையங்களை 80 ஆக்குமாறும் பணித்தது. ஆயினும் வண்டிகள் பெருகிய வேகத்தில் வாயு வழங்கும் ஆற்றல் பெருகவில்லை.

ஏனெனில், டீசலைப் போல வாயுவை வெறுந்தொட்டியில் ஊற்றிவைத்தல் இயலாது. வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 200 மடங்கிற்கு அதனை அமுக்கவேண்டும். குழாய்வழியை அடுத்த தாய் நிலையங்களில் அதற்குரிய யந்திரங்கள் உண்டு. சேய் நிலையங்களோ லொறியில் வரும் உருளைகளை நம்பியிருந்தன. உருளையில் அமுக்கம் குறையக் குறைய, நிரப்புதலும் தாமதமாகும். எனவே முச்சக்கரவண்டிச் சாரதிகள் பல மணிநேரம் வரிசையிற் காத்து அன்றாட வருவாயை இழந்தனர். 2002 இறுதியிலேயே டீசல் நகரப் பஸ்கள் அகன்றன.

மின்வண்டிகளை வரவேற்கும் நாமும் இதனை உளங்கொள்ளல் வேண்டும். சட்டம் வண்டியை மாற்றலாம். அதனை ஓடச்செய்வது நிலையமே. மின்கம்பியும் மின்மாற்றியும் முன்செல்லாவிடின், தூய காற்றின் விலையை ஏழைச் சாரதியே செலுத்துவான். அது நீதியாகுமோ?