மட்கார்டுக்குள் ஒரு கண்மாய்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதுரையில் எந்த வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் வரிசைதான். நுரை போட்டுக் கழுவி, டயருக்குக் கறுப்பு பாலிஷ் தடவி, சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிவிட்டு வீடு திரும்புகிறோம். கொஞ்ச நாளில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு நிஜமாகவே குளியல் தேவைப்படுவது அந்த மழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில். அப்போது கடைகளில் வரிசை இருக்காது.

எங்கள் வீட்டுக் காருக்கு ஒன்பது வயது. போன தை மாதம் பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டு விளிம்பில், பெயின்ட் உளுந்தளவுக்குக் கொப்புளித்திருந்தது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் காட்டினேன். அந்தத் தம்பி சக்கரத்தைக் கழற்றிவிட்டு, விளிம்பின் உள்மடிப்பில் ஒரு தகட்டை விட்டு நெம்பினார். விளிம்பின் வளைவிலேயே வார்த்தெடுத்த மாதிரி ஒரு மண்கட்டி, வெல்லக்கட்டி உடைவதுபோல உடைந்து விழுந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தும் அதன் உள்பக்கம் ஈரம். ஒரு வேப்பிலை, இரண்டு நெல் உமி, வெள்ளை வேர்விட்ட ஏதோ ஒரு புல்.

“அண்ணே, இது வெளியேர்ந்து வந்த துரு இல்ல. உள்ளேர்ந்து தின்னுக்கிட்டு வந்திருக்கு” என்றபடி கொப்புளத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார். முனை மறுபக்கம் வந்தது.

எனக்கு உறுத்தியது ஓட்டை அல்ல. நான்கு வருடத்துக்கு முன் ஒரு சர்வீஸ் சென்டரில் பணம் கட்டி அண்டர் கோட்டிங் அடித்திருந்தேன். அந்தக் கறுப்புப் பூச்சு இப்போது தோலாக உரிந்து வந்தது, அடியில் காய்ந்த சேற்றோடு. கழுவாமலேயே சேற்றின் மேல் அடித்திருக்கிறார்கள். துருவுக்குப் போர்வை போர்த்த நான் காசு கொடுத்திருக்கிறேன்.

துரு என்றாலே நமக்கு ராமேஸ்வரம்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது. காரைக்குடியில் ‘சிக்ரி’ என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று நாட்டுக்கே வரைபடம் போட்டது. அப்படிப் பார்த்தால் உள்நாட்டு வெயில் ஊரான மதுரைக்குப் பயமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு வெட்டவெளியில் நிற்கும் இரும்புக்கு. மட்கார்டு மடிப்புக்குள் இருக்கும் இரும்புக்கு வெயிலே கிடையாது. அது ஒரு குட்டிக் கண்மாய்.

துருவுக்கு வேண்டியது இரும்பு, தண்ணீர், காற்று. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். பெயின்ட் முழுசாக இருக்கும்வரை இரும்பு பிழைக்கும். சக்கரம் வாரி அடிக்கும் ஜல்லி பெயின்டைப் பொத்தல் போடுகிறது. அந்தப் பொத்தலின் மேல் சேறு ஈரப்பத்துப் போட்டதுபோல் ஒட்டிக்கொள்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் மேலே இருக்கும் பெயின்ட் கொப்புளமாகத் தூக்குகிறது. கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

சேற்றுக்கு நம் பக்கம் பஞ்சமா? திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல். அப்பினால் விடாது, ஈரத்தையும் லேசில் விடாது. சோழவந்தான், வாடிப்பட்டிச் சாலைகளில் நடவுக் காலத்தில் டிராக்டர்கள் வயல் சேற்றை அப்படியே தாரில் இழைத்துவிட்டுப் போகும். ஊருக்குள் குழாய் பதிக்கத் தோண்டிய தெருக்கள் வேறு. 2024 அக்டோபர் 25-ம் தேதி மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தெருவில் நின்ற கார்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. வாட்டர் சர்வீஸ் கடைகள் பலவற்றில் போர் தண்ணீர்தான். மதுரையின் பல பகுதிகளில் அது உப்புத் தண்ணீர். கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழுந்தால் துடைக்கிறோம். மட்கார்டுக்குள் விழுவதை யார் துடைப்பது? கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தாலும் ஊற்றுவார்கள்.

வீட்டில் செய்வது இவ்வளவுதான். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு விளிம்பின் உள்மடிப்பைத் தடவிப் பாருங்கள். மண் இருந்தால் முதலில் நனைத்து ஊறவிட்டு, மரக்குச்சியாலோ பழைய டூத் பிரஷ்ஷாலோ எடுக்க வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், அது பெயின்டைக் கீறிவிடும். பிரஷர் கன்னை ஒட்டிப் பிடித்து அடித்தால் மண் மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும், சீலரும் பெயரும். கழுவியதும் கவர் போட்டு மூடாமல் வெயிலில் நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை வருடத்துக்கு ஒருமுறை கழற்றச் சொல்லுங்கள். அதன் பின்னால் சேரும் சருகும் மண்ணும் வெளியிலிருந்து தெரியாது. லைனரைப் பிடிக்கும் கிளிப் உடைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்வந்தால் மறுநாளே அடிப்பாகம் கழுவ வேண்டும், சேறு இல்லாவிட்டாலும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புழுதியை இழுத்து ஒட்டவைக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், மிச்சம் சாக்கடை வழியே கண்மாய்க்குப் போகும். விட்டுவிடுங்கள்.

லேசான துருவென்றால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பெயின்ட். தேய்க்க முடியாத இடுக்குக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் உண்டு. அதில் டானின் கலந்த வகையைத் தடவினால் துரு கறுப்பாக மாறும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் ஆட்கள் மையும் கருஞ்சாயமும் எடுத்தார்களே, அதே வேதியியல். ஓட்டையே விழுந்திருந்தால் தகட்டை வெட்டி வெல்டு வைக்க வேண்டும். பட்டி வைத்து மூடித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். சஸ்பென்ஷன் வந்து மேலே பிடிக்கும் இடத்தில் துரு இருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இனி பணம். புது கார் டெலிவரியின்போது கோட்டிங்கைச் சேர்த்தே பில் போட்டு நீட்டுவார்கள். அது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டுமென்றால் தனி பில், வாரண்டி அட்டை இரண்டையும் வாங்குங்கள். ‘வருடா வருடம் இங்கேயே வந்து காட்ட வேண்டும்’ போன்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கிறதா என்று அங்கேயே படித்துவிடுங்கள். கார் கம்பெனி தரும் துரு வாரண்டியும் பெரும்பாலும் தகடு ஓட்டையாகும் அளவுக்கு அரித்தால்தான். மேலோட்டமான கொப்புளத்துக்கு இல்லை.

காசு வாங்கிக்கொண்டு சேற்றின் மேல் பூச்சு அடிப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. முதலில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆத்திரத்தில் உடனே வெட்டி ஒட்டிவிடாதீர்கள். உரிந்த பூச்சையும் அடியில் இருக்கும் மண்ணையும் தேதியோடு படம் பிடித்து, இன்னொரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய பிறகு வேலையை ஆரம்பியுங்கள். நான் இதில்தான் கோட்டை விட்டேன். பழைய பில்லும் கையில் இல்லை, படமும் எடுக்கவில்லை.

துருவுக்காகப் பெரிய கம்பெனிகளும் பதில் சொன்னதுண்டு. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்த வழக்கில், 2016-ல் டொயோட்டா, தவறை ஒப்புக்கொள்ளாமலே, 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள சமரசத்துக்கு வந்தது.

இன்சூரன்ஸை நம்பாதீர்கள். தேய்மானம் என்ற தலைப்பில் துருவைத் தள்ளிவிடுவார்கள். வெள்ளத்தில் மூழ்கிய சேதத்துக்கு, சொந்த சேதத்துக்கான பாலிசி இருந்தால் பணம் உண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் இல்லை. சொந்த சேதப் பாலிசியிலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை கழியும். கழிவு இல்லாத கூடுதல் பாலிசி எடுத்திருந்தால்தான் லைனருக்கு முழுப்பணம் வரும்.

வெல்டு வைத்து முடித்த பிறகு மறுபடி கோட்டிங் அடிக்கச் சொன்னேன். கழுவியதைப் பார்த்த பிறகுதான் காசு என்றும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் போனால் சக்கரங்கள் கழன்று, கார் ஸ்டாண்டில் நிற்கிறது. தம்பி மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

“நாளைக்கு வாங்கண்ணே. இன்னும் ஈரம் இருக்கு.”