முளா நதியின் பெருமீன்

போபோடிக்கு அருகே பவனாவைத் தன்னுள் ஏற்று, புணே நகரில் முட்டாவோடு சங்கமித்து, கிழக்கு நோக்கிப் பிரவகிக்கும் முளா நதியின் மீனாகத்தான், தக்காண மஹசீர் என்னும் பெருங்கெண்டையை 1839-ல் கர்னல் சைக்ஸ் விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தார்.

கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கிண்டி, எலுமிச்சையளவு உருட்டி, தூண்டில் முள்ளை அதனுள் மறைத்து, பாறைகளிடையே சுழித்தோடும் நீரில் விட்டுக் காத்திருப்பவனுக்கு, அது கௌவிய கணத்தில் நரம்பு விரலை அறுத்துவிடும்போல் உருவிக்கொண்டு ஓடும். அதன் உறவான கூன்முதுகு மஹசீர் ஒன்று, 1946-ல் கபினி நதியில் வான் இங்கென் என்பவரின் தூண்டிலில் சிக்கியபோது, 120 பவுண்டு எடை இருந்ததாம்!

தெளிந்த, பிராணவாயு மிகுந்த ஜலமே ஜீவாதாரமான அம்மீனுக்கு, சாக்கடை கலந்து கறுத்த இன்றைய போபோடிக் கரையில் இடமில்லை என்பது பெருந்துக்கம். லோனாவளாவில் டாட்டா நிறுவனத்தார் அதன் குஞ்சுகளைப் பொரித்து வளர்த்தது மெச்சத்தக்கதே. ஆயினும் அவ்வினத்தைக் காவிரியில் விட்டதால், அந்நதிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் நசிந்தது என்கின்றனர் ஆராய்ச்சியாளர்.